மாதந்தோறும் லிசாந்த்ரோ

சாந்தா பிரிகிதா சுரங்க முகாம்,
ஆகஸ்ட் 12

அன்புள்ள காசில்தா அக்காவுக்கு,

தம்பி ஃபெர்மின் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுக்ரே நகரத்திலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். இந்த உயரத்தில் மூச்சு விடுவதே ஒரு தனி உத்தியோகம். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கோகா இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தவனுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். போன வருஷம் இங்கே பெரிய பம்ப் ஒன்று எரிந்துபோனது. எரியப்போகிறது என்று இன்ஜினியர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்களாம், பின்னிணைப்பில், அடிக்குறிப்பாக. தலைமை அலுவலகத்தில் அதை யாரும் படிக்கவில்லை. படிக்காத பெரியவர்களுக்குப் பயிற்சி தருவது மரியாதையாக இருக்காது என்பதால், எழுதிய சின்னவர்களுக்குத் தருகிறார்கள். அதற்குத்தான் நான்.

தலைமை இன்ஜினியர் ரோமுலோ வாகாஃப்ளோர் என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். "வாத்தியாரே, கணக்குல நாங்க புலி. எழுதச் சொன்னாத்தான் பூனையாயிடுறோம்" என்றார். அவருடைய அறிக்கையைப் படித்தேன். பூனை என்றது தற்பெருமை.

முதல் பாடம்: முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, "முதல்லயே சொல்லிட்டா மிச்சத்தை யார் படிப்பா?" என்று கேட்டார். யாரும் படிக்கவேண்டாம் என்றேன். வகுப்பே அதிர்ச்சியில் உறைந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நியேவெஸ் சோகே என்ற பெண் மட்டும் குறித்துக்கொண்டாள். இங்குள்ள ஒரே பெண் இன்ஜினியர் அவள். அவளிடம் வேலை சொல்ல எல்லோருக்கும் கூச்சமாக இருப்பதால் அவளுக்குப் படிக்க நேரம் இருக்கிறது.

தோன் திபுர்சியோவின் லாரி வாரம் ஒருமுறை உங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. கடிதங்களை அவர் கையில் கொடுத்தனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள். பீச் மரங்களுக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புத் தம்பி,
ஃபெர்மின்


பால்காமயு,
ஆகஸ்ட் 28

அன்புள்ள ஃபெர்மினுக்கு,

நான் நலம். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. உனக்குத் தலைவலி வந்தால் படுத்துக்கொள், வீராப்புக் காட்டாதே. பீச் மரங்கள் பூத்துவிட்டன. விசாரித்ததாகச் சொன்னேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பம்ப் இருக்கிறது, பூனை இருக்கிறது. லிசாந்த்ரோ பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. என் புருஷன் அந்த முகாமில்தான் பதினோரு வருஷம் அணையைப் பார்த்துக்கொண்டார். அணைக்குப் போகும் வளைவில்தான் ஜீப் உருண்டு செத்தார். முக்கியமானதை முதலில் சொல்லவேண்டும் என்று நீதான் பாடம் நடத்துகிறாயாம்.

அங்கே அவரைப் பற்றிப் பேசுகிறார்களா? அதை எழுது. அவர் இருந்தவரை இந்த ஊர் அண்ணாந்து பார்த்ததில்லை. அவ்வளவு தண்ணீரும் நம் தலைக்கு மேலேதான் நிற்கிறது. ஆனால் பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று எல்லோரும் தூங்கினோம். இப்போது மழை பெய்தால் நான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்த நவம்பர் மூன்றாவது வருஷம். ஆன்மாக்கள் திருநாளில் அவருக்குச் சாப்பாடு படைத்து வைக்கும் கடைசி மேசை. அதற்குப் பிறகு வழியனுப்பிவிடவேண்டும், அப்புறம் கூப்பிடக்கூடாது. உனக்கு விடுமுறை தருவார்களா?

வேறு விசேஷமில்லை. இங்கே சோப்பு மட்டமாகிவிட்டது. எத்தனை அலசினாலும் துணியில் சாம்பல் நிறம் நிற்கிறது. கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அக்கா,
காசில்தா


சாந்தா பிரிகிதா,
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய ஆவல். தலைவலி நின்றுவிட்டது, அந்த இடத்தை ஜலதோஷம் எடுத்துக்கொண்டது.

அத்தானை இங்கே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இவர்கள் மாத அறிக்கையை எப்படி எழுதுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன்: எழுதுவதில்லை. போன மாதத்துக் கோப்பைத் திறப்பார்கள். தேதியை மாற்றுவார்கள். எண்கள் தெரிந்தால் எண்களை மாற்றுவார்கள். மூடி, அச்சடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். போன மாதத்துக் கோப்பு அதற்கு முந்தைய மாதத்திலிருந்து பிறந்தது. இப்படியே போனால் ஆதாம் எழுதிய அறிக்கை எங்கேயாவது இருக்கும். கோடையில் வெளியான ஓர் அறிக்கையில் "உறைபனி காரணமாக" ஆலை நின்றிருந்தது. இன்ஜினியரைக் கேட்டேன். "அது எப்பவும் இருக்கிற வரி, வாத்தியாரே. அதை எடுத்தா பக்கம் குறையும்" என்றார்.

எல்லாம் ஒரே மரக்கட்டை நடை. அணையைப் பற்றிய ஒரு பத்தி மட்டும் மனிதர் பேசுவதுபோல் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் நடந்து வருவதைத் தூரத்திலேயே அடையாளம் காண்பதுபோல் இருந்தது. வகுப்பில் அதை உதாரணமாகப் படித்துக்காட்ட எடுத்தேன். பிறகு படிக்கவில்லை.

உன் கடிதம் நன்றாக இருந்தது. கடைசியில் வரும் சோப்பு மட்டும் வேண்டாம். உச்சத்தில் முடியவேண்டிய கடிதத்தை அது கீழே இழுக்கிறது. தொழில் புத்தி, கோபிக்காதே. குளிரில் வெளியே நிற்காதே.

ஃபெர்மின்


பால்காமயு,
செப்டம்பர் 29

ஃபெர்மினுக்கு,

நலம், நலமே விழைகிறேன். ஜலதோஷத்துக்கு எலுமிச்சையும் தேனும் திபுர்சியோவிடம் கொடுத்திருக்கிறேன். தேன் பாதிக்குமேல் உன்னிடம் வந்து சேர்ந்தால் அவரைப் பாராட்டு.

"பிறகு எழுதுகிறேன்" என்று எழுதுகிறவன் எதையோ பார்த்துவிட்டான் என்று அர்த்தம். சின்ன வயதில் ஜாடியை உடைத்துவிட்டு "அப்புறம் சொல்றேன்" என்று ஓடியவன் நீ. யாருடைய நடை அது? என்ன எழுதியிருக்கிறது? வார்த்தைக்கு வார்த்தை எழுது. மேசை வைக்க ஒரு மாதம்தான் இருக்கிறது, எனக்குத் தெரியவேண்டும்.

எதிர்வீட்டு எதுவிகெஸ், "இந்த வருஷம் ஆவி சீக்கிரமே வந்திருச்சு போல, நாயி மலையைப் பார்த்துக் குலைக்குது" என்கிறாள். அவள் நாய் வரி வசூலிக்க வருகிறவரைப் பார்த்தும் குரைக்கும்.

உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் எழுதுகிறேன்: சோப்பு மேல் தப்பில்லை. வாய்க்கால் தண்ணீர்தான் சுண்ணாம்பு கரைத்ததுபோல வருகிறது. மேலே யாரோ கம்பளி அலசுகிறார்கள் என்று ஆண்கள் சொல்கிறார்கள். ஆண்கள் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

காசில்தா


சாந்தா பிரிகிதா,
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தேன் முக்கால் பங்கு வந்தது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. "வார்த்தைக்கு வார்த்தை எழுது" என்ற இடத்தைத் தாண்டி உன் கடிதத்தைப் படிக்க எனக்குத் தைரியமில்லை. மடித்து வைத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

"அணை: இன்று காலை நடந்தே போய் இடது கரைக் கசிவைப் பார்த்தேன். கையை நனைத்தேன். குளிர்ந்த, தெளிந்த நீர். கீழே எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம். — லி. கி."

லிசாந்த்ரோ கிரோகா. சென்ற மாத அறிக்கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதத்திலும் இருக்கிறது. அவர் இறந்த மாதத்திலும், அடக்கம் செய்த மறுமாதத்திலும் இருக்கிறது. மூன்று வருஷமாக ஒவ்வொரு மாதமும் அத்தான் "இன்று காலை" எழுந்து, நடந்து போய், கையை நனைத்துவிட்டு வருகிறார். இந்த நிறுவனத்தில் ஒருநாளும் விடுப்பு எடுக்காத ஊழியர் அவர் ஒருவர்தான்.

வாகாஃப்ளோரிடம் போனேன். "அணைக்கு யார் போறாங்க?" என்று கேட்டேன்.

"மாசாமாசம் அறிக்கை வருதே, பார்க்கலையா?"

"அறிக்கையில் லிசாந்த்ரோ போகிறார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், அழகா எழுதுவாரு. அதை மாத்த யாருக்கும் மனசு வரல, வாத்தியாரே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜீப் ஓட்டுகிறவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். "அந்த வளைவுல சிலுவை நட்டிருக்கோம்ல, அங்க போனா வண்டி தானா நின்னுடுது. இறங்கி ரெண்டு சொட்டு சாராயம் ஊத்துவோம், கோகா போடுவோம், திரும்பிடுவோம். மிச்ச தூரத்தை இன்ஜினியர் லிசாந்த்ரோ பார்த்துப்பார்."

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். சிரிக்கவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது. அவர் எழுதிய "நிம்மதியாக இருக்கலாம்" என்ற வரியைப் படித்துவிட்டு நானும் அன்று நன்றாகத் தூங்கினேன். நீயும் தூங்கு.

திருநாளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. என் பங்குக்கு மேசையில் ஒரு கோப்பை சிச்சாக் கள் வை.

ஃபெர்மின்


பால்காமயு,
நவம்பர் 4

ஃபெர்மினுக்கு,

நலம் விசாரிக்கிறேன். எனக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, வேறு நோயில்லை.

மேசை வைத்தேன். கறுப்புத் துணி, மெழுகுவத்தி, அவருக்குப் பிடித்த கோழிக் காரக்குழம்பு, உன் சிச்சா. ரொட்டியில் பிள்ளை உருவம் செய்து அவர் மீசையை வைத்தேன். அவர் வானத்துக்கு ஏறிப்போக ரொட்டி ஏணியும் சுட்டு வைத்தேன். முதல் நாள் நடுப்பகலில் வந்தார் என்றுதான் நினைக்கிறேன். மெழுகுவத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மறுநாள் நடுப்பகலில் ஊர்க்காரர்கள் பாட்டுப் பாடிக் கல்லறைக்குக் கூட்டிப்போய் வழியனுப்பினார்கள். மூன்றாவது வருஷம் அல்லவா, இசை சந்தோஷமாக இருக்கவேண்டும். எதுவிகெஸ் என் கையைப் பிடித்து ஆடவைத்தாள். முழங்கால் வலியோடு ஆடினேன்.

வீட்டுக்கு வந்து துணியை மடிக்கும்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. நான் இங்கே போகச் சொல்கிறேன். அங்கே மாதாமாதம் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். அவர் எங்கே போவார்? செத்தவரைக்கூட அந்த மலையிலிருந்து இறங்கவிடமாட்டார்களா?

அந்தப் பத்தியை எடுத்துவிடு. நீதான் அங்கே வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுக்கிறாய். இது என் புருஷனைப் பற்றியது, அதனால் நான் கேட்கிறேன். அவர் போகட்டும்.

சாப்பிட முயற்சி செய்கிறேன். நீயும் சாப்பிடு.

காசில்தா


சாந்தா பிரிகிதா,
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாடு இறங்குகிறதா? எதுவிகெஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

எடுத்துவிட்டேன். வகுப்பிலேயே, எல்லோர் முன்னாலும். அறிக்கையைத் திரையில் போட்டு, "இதை எழுதியவர் உயிரோடு இல்லை, அவர் பார்த்ததை நாம் பார்த்ததாகச் சொல்லக்கூடாது" என்றேன். பாதிப்பேர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். பத்தியை அழித்தேன். "அணை:" என்ற தலைப்பும் அதற்குக் கீழே வெள்ளையும் மிச்சமிருந்தன. அந்த வெள்ளையைப் பார்த்தாவது யாராவது எழுந்து போய்ப் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. நான் கணக்கில் எப்போதுமே பூனைதான்.

நியேவெஸ் கேட்டாள்: "அந்த இடத்துல என்ன எழுதணும், சார்?"

"போய்ப் பாத்துட்டு வந்தவங்க எழுதணும்" என்றேன்.

"யாரும் போகலைன்னா?"

வாகாஃப்ளோர் முந்திக்கொண்டார். "யாரும் போகலைன்னா தலைப்பையும் எடுத்துடலாமே! சுருக்கமா இருக்கணும்னு வாத்தியார்தானே சொன்னாரு?"

எடுத்துவிட்டார்கள். நவம்பரில் அனுப்பிய அறிக்கையில் அணையே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது: பயிற்சியின் பலன் தெரிகிறதாம், அறிக்கை கச்சிதமாக இருக்கிறதாம். எனக்குக் கை கொடுத்தார்கள். மூன்று வருஷமாகச் செத்தவர் ஒருவராவது போய்வந்துகொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. அதைச் செய்தவன் நான்.

நியேவெஸ் அணைக்குப் போக ஜீப் கேட்டிருக்கிறாள். மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தான் போய்விட்டாரா? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

ஃபெர்மின்


பால்காமயு,
டிசம்பர் 13

ஃபெர்மினுக்கு,

நலம். மழை ஆரம்பித்துவிட்டது. இனி உன் பாடப்படியே எழுதுகிறேன்.

வாய்க்கால் தண்ணீர் ஆகஸ்டிலிருந்து கலங்கி வருகிறது. இப்போது கையை விட்டால் விரல் தெரிவதில்லை. எங்கள் வாய்க்காலுக்கு வேறு ஊற்று கிடையாது. அந்த இடது கரைக் கசிவுதான் இறங்கி வருகிறது. உனக்கு இரண்டு தடவை எழுதினேன். ஒரு தடவை என் நடையைத் திருத்தினாய். மறு தடவை பதிலே இல்லை.

லிசாந்த்ரோ சாப்பிட உட்காரும்போது சொல்லுவார்: "மண் அணைன்னா கசியத்தான் செய்யும், காசில்தா. தெளிஞ்சு கசிஞ்சா அது வேர்வை. கலங்கிக் கசிஞ்சா அது ரத்தம். தண்ணி உள்ளேர்ந்து மண்ணை அரிச்சுத் தின்னுட்டு வருதுன்னு அர்த்தம். அன்னைக்கு என்னைத் தேடாத, மேட்டுக்கு ஓடு."

அப்படியிருந்தும் நான் ஏன் ஓடவில்லை, ஏன் அக்டோபரிலேயே கத்தவில்லை என்று கேட்பாய். நீதான் எழுதினாய், "தெளிந்த நீர், நிம்மதியாக இருக்கலாம்" என்று, அவர் வார்த்தையிலேயே. வாய்க்காலில் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அவரை நம்பினேன். செத்து மூன்று வருஷம் ஆனாலும் என் புருஷன் பொய் எழுதமாட்டார் என்று நினைத்தேன். எழுதவில்லைதான். அவர் பார்த்த அன்றைக்கு அது தெளிந்துதான் இருந்தது.

ஊர்த் தலைவரிடம் சொன்னேன். கம்பெனி அறிக்கையில் அப்படி எதுவும் இல்லையே என்கிறார். உயிரோடிருக்கும் யாராவது போய்ப் பார்த்து எழுதினால் ஏறலாமாம்.

போய்ப் பார். உடம்பு பத்திரம்.

காசில்தா


சாந்தா பிரிகிதா,
ஜனவரி 11

அக்கா,

ஊரைக் கூட்டிக்கொண்டு இன்றே மேட்டுக்கு ஏறு. இதற்குக் கீழே உள்ளதை ஏறியபிறகு படி.

மலைப்பாதை மூடிக் கிடந்ததால் உன் டிசம்பர் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான்கு வாரமாகக் கடிதம் லாரியில் கிடந்தது; தண்ணீர் எதற்கும் காத்திருக்கவில்லை. நானும் நியேவெஸும் காலையில் நடந்தே போனோம். ஜீப் ஓட்டுகிறவர் சிலுவை வரை துணைக்கு வந்து, சாராயம் ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

சிலுவையைத் தாண்டினால் பாதையே இல்லை. புல் முட்டி உயரம் வளர்ந்திருந்தது. ஒரு காலடித் தடம்கூட இல்லை. அதுவரை எனக்கே தெரியாது: மனத்தின் ஒரு மூலையில் நானும் அவர் போய்வருகிறார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கசிவு இப்போது கசிவு இல்லை. வாய் திறந்து ஓடுகிறது. நியேவெஸ் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தாள். நாங்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடியில் விரற்கடை மண் படிந்தது. "சார், எனக்கு இதை எப்படி எழுதணும்னு சொல்லிக்கொடுங்க" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்ததை எழுது என்றேன்.

எழுதினாள். வாகாஃப்ளோர் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "'கலங்கியிருக்கிறது'ன்னு போட்டா படிக்கிறவங்க பயந்துடுவாங்கம்மா. 'சிறிதளவு நிறமாற்றம், கண்காணிக்கத்தக்கது'ன்னு போடலாம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"பயப்படத்தான் சார் எழுதுறேன்."

"உன் கையெழுத்துல போகும். யோசிச்சுக்கோ. நாளைக்கு ஒண்ணும் ஆகலைன்னா சிரிப்பாங்க."

"ஒண்ணும் ஆகலைன்னா நானும் சிரிக்கிறேன்" என்றாள்.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டோம். எழுத்துமூலம் அனுப்பச் சொன்னார்கள். அணைக்கு இடம் ஒதுக்காத புதிய படிவத்தில். அவள் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்று உங்கள் ஊர்த் தலைவருக்கு. உங்கள் ஊரில் தொலைபேசி இல்லாததால் இந்தக் கடிதத்தோடு இப்போதே திபுர்சியோ கையில். மதகைத் திறக்க ஆட்களைக் கூப்பிடப் போயிருக்கிறாள். மதகு துருப்பிடித்திருக்கிறது. அறிக்கை முழுவதும் இதுதான்:

"இன்று நான் அணைக்குப் போனேன். இடது கரையில் வரும் நீர் கலங்கியிருக்கிறது. அணைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது. பால்காமயு மக்கள் உடனே மேட்டுக்குப் போகவேண்டும். — நியேவெஸ் சோகே"

நான் ஓர் எழுத்தையும் தொடவில்லை. முழங்காலைப் பார்த்து ஏறு அக்கா. எதுவிகெஸைப் பிடித்துக்கொள்.

ஃபெர்மின்


பால்காமயு மேட்டுப் பள்ளிக்கூடம்,
ஜனவரி 25

ஃபெர்மின்,

நான் உயிரோடு இருக்கிறேன். எல்லோரும் இருக்கிறோம். ஊர் இல்லை.

திபுர்சியோ லாரியின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். தலைவர் அறிக்கையைக் கோவில் படியில் நின்று வாசித்தார். முடிந்தது என்று யாரும் நம்பவில்லை, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்கள். மிச்சம் இல்லை என்றதும்தான் பயம் வந்தது. கோழி, ஆடு, படுக்கை, மாதா சிலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இளவட்டங்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "எழுத்தாளர் அம்மாவுக்கு அடுத்த மாசம் பரிசு உண்டு" என்றான் ஒருவன், நியேவெஸைத்தான். அறுவடைக்கு நின்ற பீச் பழத்தை விட்டுவந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எப்படிப்பட்ட சத்தம் என்று எழுத வரவில்லை. பிறகு வாய்க்கால் இருந்த இடத்தில் மலையே நடந்து வந்தது. எதுவிகெஸ் தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நிக்குது, இன்னும் நிக்குது" என்றாள். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

எதிர்பாராத மழைதான் காரணம் என்று கம்பெனி அறிவித்திருக்கிறதாம். உன் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள், நியேவெஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று திபுர்சியோ சொன்னார். அவள் இங்கே வரட்டும். வீடு கட்டியதும் முதல் அறை அவளுக்கு. நீயும் வா. உன் மூச்சுக்கு இந்த உயரம்தான் சரி. சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோருக்கும் இருமல். எனக்கு முழங்கால் மட்டும்.

ஒன்று சொல்லவேண்டும். வெள்ளம் வடிந்ததும் தலைவர் எங்களைப் பள்ளிக்கூட வாசலில் நிற்கவைத்து, யார் யார் இருக்கிறோம் என்று பெயர் கூப்பிட்டார். கையில் இருந்தது பழைய ஊர்ப் பட்டியல், வேறு இல்லை. வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், பழக்கத்தில், "லிசாந்த்ரோ கிரோகா!" என்று வாசித்துவிட்டார்.

நம்மவர்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் செத்தவர்கள் பெயரைக் கூப்பிட்டால் எப்படிக் கத்துவார்களோ, அப்படி எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்: "இருக்கார்!"

மலையே திருப்பிச் சொன்னது. பெரியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். என் மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தார்கள், தெரியும். ஆனால் திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தோன்றியது.

"இல்ல" என்றேன். "அவர் செத்துட்டார். அந்தப் பேரை அடிங்க."

"என்ன தோன்யா காசில்தா, ஒரு மரியாதைக்கு..." என்றார் தலைவர்.

"மரியாதைக்குத்தான் சொல்றேன். அவரைப் போகவிடுங்க. மேலே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னது நியேவெஸ் சோகே."

"அந்தப் பொண்ணு நம்ம ஊர் இல்லையே."

"அப்போ வேற பேர் எழுதாம வெறுமனே அடிங்க."

பென்சிலை நாக்கில் தொட்டு அடித்தார். ஒரு தடவை அடித்தது மங்கலாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றதால் இன்னொரு தடவை அழுத்தி அடித்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது என்னுடையது.

"இருக்கேன்" என்றேன்.

காசில்தா